ஞாயிறு மதியம் கிராமத்து கேஸ்ட்ரோபப்: மாமனார் மாமியாரோட போகலாமா?

ரெடிங்_ரகு

மக்களே, ஒரு யோசனை வேணும். திருச்சியிலேர்ந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்காங்க. லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், விம்பிள்டன் பிள்ளையார் கோயில்னு எல்லாம் காட்டியாச்சு. இப்போ மாமா கேக்கறார், "மாப்ளே, இந்த ஊர்க்காரங்க ஞாயித்துக்கிழமை என்னதான் சாப்பிடுவாங்க?" ஆபீஸ்ல விசாரிச்சா, கிராமத்துப் பக்கம் நல்ல கேஸ்ட்ரோபப்பா (சாப்பாட்டுக்குப் பேர்போன பப்) பார்த்து சண்டே ரோஸ்ட்டுக்கு (அவன்ல சுட்ட இறைச்சி, கூட கிழங்கு, காய், கிரேவி) கூட்டிட்டுப் போன்னு சொல்றாங்க.

எனக்கு பப்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்னுக்கிட்டே ஒரு பைன்ட் பியர், கூட ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ். அதுக்கு மேல தெரியாது. மாமா மாட்டுக்கறி தவிர எல்லாம் சாப்பிடுவார். அத்தை சைவம். கேக்குக்குள்ள முட்டை இருந்தா கண்டுக்க மாட்டாங்க, தட்டுல முட்டையா தெரியக்கூடாது. ரெண்டு வாண்டுங்க வேற.

பெரியவங்களை பப்புக்குக் கூட்டிட்டுப் போனா நல்லா இருக்குமா? தலைக்கு எவ்வளவு ஆகும்? அத்தைக்கு வெறும் உருளைக்கிழங்குதான் கதியா? மார்லோ, ஹென்லி பக்கம்னா எங்களுக்கு வசதி.

ஹாரோ_வாசுகி

தாராளமா கூட்டிட்டுப் போங்க ரகு. ஊர்ல "பார்"னு சொன்னதும் மனசுல வர்ற இருட்டு ரூமை மறந்துடுங்க. ஞாயிறு மதியம் போனா பாதி மேசையில பாட்டியும் பேரனும்தான் உக்காந்திருப்பாங்க, மேசைக்கு அடியில நாய். வாசல்லயே நாய்க்குத் தண்ணிக் கிண்ணம் வெச்சிருப்பாங்க. உங்க அத்தைக்கு நாய்னா ஆகாதுன்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, நிறைய இடத்துல நாய் வராத டைனிங் ரூம் தனியா உண்டு.

பிள்ளைங்களைப் பத்திக் கவலையே வேணாம். 16 வயசுக்குக் கீழன்னா பெரியவங்க கூட இருக்கணும், அவ்வளவுதான். 16, 17 வயசுன்னா சாப்பாட்டோட பியர், வைன், சைடர் குடிக்கக்கூட சட்டம் விடுது, வாங்கித் தர்றவங்க பெரியவங்களா இருந்தா. (இதை எங்கே படிச்சானோ, என் பெரியவன் எனக்கே சட்டம் சொல்லிக்கிட்டிருக்கான்.)

புக் பண்ணாம மட்டும் போகாதீங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணி வாக்குல கிச்சனை மூடிடுவாங்க, ராத்திரி சாப்பாடு பல இடத்துல கிடையாது. திங்கள் சில இடம் திறக்கறதே இல்ல. நம்மாளுங்க சாவகாசமா குளிச்சுக் கிளம்பி மூணு மணிக்குப் போய் நின்னா ரோஸ்ட் தீர்ந்துபோச்சும்பாங்க. அது சாக்கு இல்ல, நிஜமாவே தீர்ந்திருக்கும்.

ரோஸ்ட் ஒண்ணு 20-லேர்ந்து 30 பவுண்டுக்குள்ள. ஸ்டார்ட்டர், புட்டிங் (கடைசியில வர்ற இனிப்பு), குடிக்கறதுன்னு சேர்த்தா தலைக்கு 45, 50 ஆயிடும். வாண்டுங்களுக்கு அரை ரோஸ்ட் கேளுங்க, மெனுவுல இல்லாட்டியும் கொடுப்பாங்க.

கெண்ட்_அடுப்படி

நான் பப் கிச்சன்லதான் வேலை பாக்கறேன். எந்த பப்னு கேக்காதீங்க. அத்தை விஷயத்தை மட்டும் நான் சொல்றேன், ஏன்னா இதுல தெரிஞ்சவங்ககூட ஏமாறுவாங்க.

உருளைக்கிழங்குன்னு சாதாரணமா சொல்லிட்டீங்க, ரோஸ்ட் மெனுவுல முதல் கண்ணியே அதுதான். நல்ல பப்ல ரோஸ்ட் பொட்டேட்டோவை வாத்துக் கொழுப்புலயோ மாட்டுக் கொழுப்புலயோதான் போடுவாங்க. மேரிஸ் பைப்பர் கிழங்கை வேகவெச்சு, வடிச்சு, சட்டியோட குலுக்கி மேல்தோலை மாவு மாவா ஆக்கிட்டு, கொதிக்கற கொழுப்புல தள்ளுவோம். அந்த மொறுமொறுப்பு அங்கேர்ந்து வர்றது. ரோஸ்ட்டோட வர்ற யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு இல்ல; முட்டை, மாவு, பால். அது சைவம்தானேன்னு தோணும், ஆனா டின்னுல புகையற சூட்டுல ஊத்தியிருக்கறது மாட்டுக் கொழுப்பா இருக்கலாம். கிரேவி சொல்லவே வேணாம், வெள்ளி ராத்திரி எலும்பை அவன்ல வறுத்து, சனிக்கிழமை முழுக்கக் கொதிக்கவிட்டு வத்தவெச்சது. முட்டைக்கோஸ்ல பேக்கன் (பன்றிக்கறி) துண்டு போட்டிருப்பாங்க. சிப்ஸ், மீன் பொரிச்ச அதே ஃப்ரையர்ல போட்டிருக்கும்.

இதைவிட நைசா வர்றது: பார்மசான் சீஸ்ல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல எடுக்கற ரென்னட் இருக்கு, அது இல்லாம பார்மசான்ங்கற பேரே வெச்சுக்க முடியாது. வூஸ்டர் சாஸ்ல நெத்திலி வகை மீன். சீஸ் டோஸ்ட் மாதிரி வர்ற வெல்ஷ் ரேர்பிட்ல அந்த சாஸ் இருக்கும். பன்னகோட்டாங்கற க்ரீம் இனிப்புல, மிருகத்தோட தோல், எலும்புலேர்ந்து எடுக்கற ஜெலட்டின்.

நம்ம ஆளுங்க "அலர்ஜி சார்ட் பார்த்தேன், ஒண்ணும் இல்ல"ம்பாங்க. சட்டப்படி சொல்லவேண்டிய அலர்ஜி சமாச்சாரம் 14. முட்டை, பால், மீன், கடுகு எல்லாம் அதுல வரும். மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியல்லயே இல்ல. ரென்னட்டும் ஜெலட்டினும் இல்ல. அதனால சார்ட்டைப் பார்த்து சைவம்னு முடிவு பண்ணாதீங்க. மெனுவுல பக்கத்துல சைவக் குறி போட்டிருந்தா அதை நம்பலாம், இல்லன்னா வாயத் திறந்து கேக்கணும்.

எப்போ கேக்கணும்ங்கறதுதான் முக்கியம். ஞாயிறு ஒரு மணிக்கு ஆர்டர் டிக்கெட் மெஷின் நிக்காம கத்திக்கிட்டிருக்கும்போது வந்து கேட்டா, சர்வருக்கும் தெரியாது, தட்டை வெளியே அனுப்பற பாஸ்ல நிக்கற எனக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு போன் பண்ணுங்க. "ஒருத்தர் சைவம், கிழங்கைத் தனியா எண்ணெயில போட முடியுமா, வெஜ் கிரேவி உண்டா?"ன்னு கேளுங்க. அப்போ சொன்னா ஒரு சின்ன ட்ரே தனியா வெக்கறது எங்களுக்கு ஒரு வேலையே இல்ல.

பழைய_லண்டன்

எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் 1980-களின் கடைசியில் இங்கே படிக்க வந்தவன். அன்றைக்குக் கிராமத்து பப் என்றால் கல் தரை, கணப்பு, டார்ட்ஸ் பலகை. சாப்பாடென்று கேட்டால் ஒரு ப்ளோமன்ஸ் லஞ்ச்: ரொட்டி, செடார், ஊறவைத்த வெங்காயம். உழவன் வயலில் சாப்பிட்ட அதே சாப்பாடு. பையில் சில்லறை இருந்தால் போதும், யாரோடும் பேசலாம்.

பிறகு நடந்ததும் ஊரறிந்த கதைதான். 1989-ல் அரசு பியர் ஆணைகளைக் கொண்டுவந்தது. 2,000 பப்புக்கு மேல் கையில் வைத்திருந்த பெரிய மதுக் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்துவது நோக்கம். ஆயிரக்கணக்கில் பப்புகள் கைமாறின. 1991-ல் மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் என்ற இருவர் லண்டன் ஃபாரிங்டன் ரோட்டில் 'தி ஈகிள்' என்ற பப்பை எடுத்து, கவுன்டருக்குப் பின்னாலேயே அடுப்பை மூட்டினார்கள். கரும்பலகையில் மெனு, பொருந்தாத நாற்காலிகள், போர்த்துகீசிய பாணி ஸ்டேக் சாண்ட்விச். கேஸ்ட்ரோபப் வம்சத்தின் மூத்த பிள்ளை அதுதான். அவர்கள் செய்தது நியாயமானது, விலையும் நியாயம். நாடெங்கும் அதைக் காப்பியடித்தவர்கள்தான் கெடுத்தார்கள். சுவருக்குச் சாம்பல் நிறப் பெயின்ட், ஸ்லேட் பலகையில் சாப்பாடு, சின்ன வாளியில் சிப்ஸ். டார்ட்ஸ் பலகை இருந்த இடத்தில் இரண்டு பேர் மேசை. உள்ளூர் விவசாயி உட்கார இடமில்லை. இதற்கு ரெஸ்டாரண்ட் என்றே போர்டு மாட்டலாமே?

தேவகி_பாத்

பழைய லண்டன் சார், ஒரே ஒரு திருத்தம். உழவன் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டான், சரி. ஆனால் "ப்ளோமன்ஸ் லஞ்ச்" என்று பேர் வைத்து அதை பப் பப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1950-களில் சீஸ் விளம்பரக்காரர்கள், 1960-களில் பால் விற்பனை வாரியம். போருக்குப் பின் ரேஷன் முடிந்து சீஸ் விற்க வேண்டியிருந்தது. நீங்கள் ஏங்குகிற அந்தத் தட்டும் ஒரு மார்க்கெட்டிங் ஐடியாதான் :)

ஸ்லேட் பலகை விஷயத்தில் முழு ஆதரவு. கிரேவி வழிந்து மடியில் விழுகிற பாத்திரத்தைக் கண்டுபிடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செல்வம்_ஈஸ்ட்ஹாம்

லண்டன் அண்ணை, நீங்கள் சொல்லுறது அரைவாசிதான் சரி. கிராமத்து பப்புகள் மூடுப்பட்டது சாப்பாட்டாலயோ? சூப்பர் மார்க்கெட்டில பியர் மலிவு, வரி கூட, 2007 இல புகைக்கத் தடை வந்தது. வெறும் பைன்ட் வித்து ஒரு குடும்பம் சீவிக்க ஏலாது எண்ட நிலைமை வந்திட்டுது. சமையல்கட்டு நல்லா இருந்ததெல்லாம் தப்பிப் பிழைச்சுது.

கெண்ட் கரையில, சீசால்டர் எண்ட இடத்தில தி ஸ்போர்ட்ஸ்மன் இருக்குது, விட்ஸ்டபிளுக்குக் கிட்ட. நாங்கள் குடும்பமாப் போனனாங்கள். வெளியில இருந்து பாத்தால் ஒண்டும் இல்லை. ஒரு பக்கம் கடல் அணை, மற்றப் பக்கம் ஆடு மேயுற சதுப்பு நிலம். ஸ்டீபன் ஹாரிஸ் எண்டவர் 1999 இல எடுத்தவர். சமையல் பள்ளிக்கூடம் போகாமல் தானாப் படிச்ச ஆள். கடல் தண்ணியைக் காய்ச்சித் தாங்களே உப்பு எடுக்கினம். 2008 இல மிஷலின் எண்ட உணவகக் கையேட்டின்ரை நட்சத்திரம் வந்தது. அங்க ஒரு சின்ன சோல் மீனை முழுசா, கடற்பாசி கலந்த வெண்ணெயில போட்டுத் தருவினம். மஞ்சளும் பச்சையுமா வெண்ணெய் உருகி மீனைச் சுத்தி நிக்கும். முள்ளு சுகமாக் கழண்டு வரும். எங்கட அம்மா, யாழ்ப்பாணத்தில மீன் சாப்பிட்டு வளந்தவ, ஒண்டும் கதைக்காமல் சாப்பிட்டு முடிச்சிட்டு மிச்ச வெண்ணெயைப் பாணால துடைச்சவ.

இன்னொண்டு கவனியுங்கோ. அந்தக் கட்டடம் ஷெப்பர்ட் நீம் எண்ட பியர் கொம்பனியின்ரை. 1698 இலயிருந்து ஃபேவர்ஷாமில காய்ச்சுறம் எண்டு சொல்லுற பழைய ஆக்கள். பெரிய கொம்பனியளின்ரை பிடி விட்டதாலதான் நல்ல சாப்பாடு வந்தது எண்ட உங்கட கதை அங்க சரிவரேல்லை.

பழைய_லண்டன்

செல்வம், ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் அந்த மீனுக்காக ஒரு நாள் விட்ஸ்டபிள் ரயிலேறுவேன்.

ரெடிங்_ரகு

சண்டை சுவாரசியமா இருக்கு, நடுவுல என் கேள்வியையும் பாருங்க :) மார்லோவுல 'ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்'னு ஒண்ணு இருக்கே, அங்கேயே போயிடலாமான்னு மாமா யூடியூப் பார்த்துட்டுக் கேக்கறார்.

தேவகி_பாத்

டாம் கெரிட்ஜின் பப். 2005-ல் திறந்தார்கள், அடுத்த வருஷமே ஒரு நட்சத்திரம், 2012 மிஷலின் கையேட்டில் இரண்டு. பப் ஒன்றுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தது அதுதான் முதல் முறை. ஒற்றை நட்சத்திரத்தில் முந்திக்கொண்டது 2001-ல் ஹியர்ஃபோர்ட்ஷயர் டிட்லி கிராமத்து ஸ்டாக் இன். அவ்வளவு ஒதுக்குப்புறம். கெரிட்ஜ் இடத்துக்கு வார இறுதி மேசை வேண்டுமென்றால் ரொம்ப முன்னாடியே போட்டிருக்க வேண்டும். பில்லும் வேறு ரகம். மாமா ஆசைப்பட்டது ஊர்க்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு. அதற்கு நட்சத்திரம் தேவையே இல்லை.

நான் பார்க்கிற அடையாளம் மெனுவின் நீளம். ஒரு தாள், ஒரே பக்கம், ஐந்தாறு மெயின். அதில் லசான்யா, தாய் கிரீன் கறி, பர்கர், டிக்கா மசாலா எல்லாம் இருந்தால் ஃப்ரீசரும் மைக்ரோவேவும்தான் சமைக்கின்றன. அடுத்து, மெனு காலண்டரோடு போகிறதா என்று பாருங்கள். இங்கிலீஷ் ஆஸ்பரகஸ் ஏப்ரல் 23 வாக்கில் வரும், ஜூன் 21-ஓடு வெட்டுவதை நிறுத்துவார்கள். அக்டோபரில் "லோக்கல் ஆஸ்பரகஸ்" என்று எழுதியிருந்தால் வெளியே வந்துவிடலாம். வேட்டைப் பறவைகளில் ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, கிரவுஸ் ஆகஸ்ட் 12-க்குப் பிறகு. மாமாவுக்கு ஃபெசன்ட் கிடைத்தால் மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள், வேட்டையில் சுட்ட துப்பாக்கி ரவை உள்ளே இருக்கலாம்.

கெண்ட்_அடுப்படி

லண்டன் சார் சொன்னதுல ஒண்ணுக்கு மட்டும் நான் கை தூக்கறேன். பார்ல சும்மா பைன்ட் குடிக்க வர்றவனைத் துரத்தின பப் உருப்படாது. அது பாசத்தால சொல்றதில்ல, கணக்கு.

ஹேண்ட்பம்ப்ல இழுத்துத் தர்ற காஸ்க் ஏல் (பீப்பாய் பியர்) உயிருள்ள சரக்கு. செல்லர்ல (நிலவறை) 11-லேர்ந்து 13 டிகிரியில வெக்கணும். "வெதுவெதுப்பான பியர்"னு நம்மாளுங்க கிண்டல் பண்றது இதைத்தான், உண்மையில அது சில்லுனுதான் இருக்கும், ஐஸ் மாதிரி இருக்காது. சின்னப் பீப்பாய்க்கு ஃபர்கின்னு பேரு. 9 காலன், கணக்குக்கு 72 பைன்ட். தட்டித் திறந்த நிமிஷத்துலேர்ந்து உள்ளே காத்து போகும். மூணு நாளுக்குள்ள வித்தாகணும், அதுக்கு மேல புளிக்க ஆரம்பிச்சுடும்.

இப்போ சாப்பிட வர்றவங்களைப் பாருங்க. மேசைக்கு ஒரு வைன் பாட்டில், ஒரு ஸ்பார்க்ளிங் வாட்டர், கார் ஓட்டறவருக்கு ஆல்கஹால் இல்லாத பியர். காஸ்க்கைத் தொடறவங்க எத்தனை பேர்? பீப்பாய் காலியாகாது, புளிக்கும், ஒரு தடவை புளிச்சதைக் குடிச்சவன் திரும்பக் கேக்க மாட்டான், கடைசியில ஓனர் ஹேண்ட்பம்பையே கழட்டிடுவார். எங்க பார்ல நாலு ஸ்டூல் இருக்கு. அந்த இடத்துல ரெண்டு மேசை போட்டா லாபம்னு கணக்குப் பார்க்கறவங்க வந்துபோயிட்டாங்க. ஓனர் அசையல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து ஆளுக்கு ரெண்டு பைன்ட் குடிச்சுட்டுப் போற அந்த நாலு பேராலதான் சாப்பிட வர்றவங்களுக்கு நல்ல ஏல் கிடைக்குது. ரகு, நீங்க போற இடத்துல இதைத்தான் முதல்ல பாருங்க: பார்ல சாப்பாடு இல்லாம யாராவது உக்காந்திருக்காங்களா?

செல்வம்_ஈஸ்ட்ஹாம்

கெண்ட் தம்பி, இது எனக்குத் தெரியாத கதை. வடிவாச் சொன்னியள்.

ரகு, கார் ஓடுற ஆள் கவனம். இங்கிலாந்தில 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் அல்ககோல் வரைக்கும் விடுவாங்கள், ஸ்கொட்லாந்தில 2014 கடைசியில இருந்து 50. பைன்ட் எண்டால் 568 மில்லி, சின்னக் காரியமில்லை. பேசாமல் மனுசியிட்டக் கார்த் திறப்பைக் (சாவி) குடுத்திடுங்கோ.

ஹாரோ_வாசுகி

டிப்ஸ் பத்தி யாரும் சொல்லல. பார்ல போய் மேசை நம்பர் சொல்லி ஆர்டர் பண்ற இடம்னா டிப்ஸ் அவசியம் இல்ல. மேசைக்கு வந்து பரிமாறினா பில்லுலயே 10, 12.5 சதவீதம் சேர்த்திருப்பாங்க, அது பெரும்பாலும் விருப்பம்தான். 2024 அக்டோபர்லேர்ந்து அந்தக் காசு முழுசும் வேலை பாக்கறவங்களுக்கே போகணும்னு சட்டம் வந்துடுச்சு. பார்ல வரிசையே இல்லையேன்னு முட்டி மோதாதீங்க. யார் முன்னாடி வந்தாங்கன்னு உள்ளே நிக்கறவங்களுக்குத் தெரியும், நீங்களும் "அவர் முதல்ல"ன்னு கை காட்டினா மரியாதை.

ரெடிங்_ரகு

போயிட்டு வந்தாச்சு! ஹென்லி தாண்டி ஒரு கிராமம், பேர் வேணாம், காரணம் கீழே.

கெண்ட் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை போன் போட்டேன். போன் எடுத்த பொண்ணு செஃப்பையே கூப்பிட்டுக் கொடுத்துட்டாங்க. கிழங்கு ரேப்சீட் எண்ணெயில, வெங்காயமும் காளானும் போட்ட கிரேவி தனியா, மெயினுக்கு செஸ்ட்நட் காளான் வெலிங்டன் (மாவுக்குள்ள சுத்தி அவன்ல சுட்டது). எல்லாம் பேசினபடியே வந்துச்சு. ஆனா நடுவுல பொதுவா வெச்ச காய்க் கிண்ணத்துல முட்டைக்கோசுக்குள்ள பேக்கன்! அதைப் பத்தி போன்ல கேக்கணும்னு எனக்கும் தோணல, அவங்களுக்கும் தோணல. அத்தை ஸ்பூனைப் போடறதுக்கு முன்னாடி என் மனைவி பார்த்துட்டா. சொன்னதும் சர்வர் பையன் முகம் சிவந்துபோய் வேற கிண்ணம் கொண்டாந்தான். காசும் குறைச்சாங்க. அடுத்த தடவை போறவங்க பொதுக் கிண்ணத்தையும் சேர்த்துக் கேளுங்க.

மாமா போர்க் பெல்லி (பன்றி வயித்துக் கறி) எடுத்தார். மேல்தோல் கண்ணாடி மாதிரி நொறுங்குது, கீழே மூணு அடுக்கு, ஆப்பிள் சாஸ். "கறிக்கு ஜாமா?"ன்னு முகத்தைச் சுளிச்சவர் ரெண்டாவது வாய்க்கு அப்புறம் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார். யார்க்ஷயர் புட்டிங்ல முட்டை இருக்குன்னு அத்தைகிட்ட உண்மையைச் சொன்னேன். "தட்டுல முட்டையாவா இருக்கு?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். சாப்பிட்டாங்க. அவங்களுக்கு மட்டும் எண்ணெயில செஞ்சதுதான், கேட்டு வெச்சிருந்தேன். ஸ்டிக்கி டாஃபி புட்டிங்குக்குள்ள பேரீச்சம்பழம்னு தெரிஞ்சதும் ரெசிபி எடுத்துக் கொடுன்னு ஒரே பிடிவாதம்.

பார்ல மூணு பேர் வெறும் பைன்ட்டோட உக்காந்திருந்தாங்க, கெண்ட் அண்ணே! அதுல ஒருத்தர் ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர். மாமா பொன்மலை ஒர்க்‌ஷாப்ல இருந்தவர். அப்புறம் என்ன, எங்களுக்கு புட்டிங் வந்து ஆறிப்போற வரைக்கும் ரெண்டு பேரும் ஸ்டீம் இன்ஜின் பாய்லர் பத்தி பேசினாங்க. மாமா வாங்கித் தந்த பைன்ட்டுக்குப் பதிலா அவர் ஒண்ணு வாங்கித் தந்தார். பில் ஆறு பேருக்கு 200 பவுண்டைத் தாண்டிடுச்சு. மாமா அதை ரூபாயில பெருக்கிப் பார்க்கறதுக்குள்ள கார்டைத் தேய்ச்சுட்டேன்.

ஒரு கேள்வி. பக்கத்து மேசையில பீஃபுக்கு ஒரு வெள்ளை சாஸ் வெச்சிருந்தாங்க, ஹார்ஸ்ராடிஷ். மாமா கேட்டு வாங்கிப் போர்க்குக்குத் தொட்டுக்கிட்டார், மூக்குல ஏறி கண்ணுல தண்ணி. இப்போ தினமும் அது வேணுமாம். கடையில வாங்கின பாட்டில் சப்புனு இருக்கு. வீட்ல செய்ய முடியுமா?

கெண்ட்_அடுப்படி

பேக்கன் விஷயம் சமையக்கட்டு மேல தப்பு, உங்க மேல இல்ல. போன்ல பேசினது செஃப்னா அவரே கேட்டிருக்கணும்.

ஹார்ஸ்ராடிஷ் வேரா வாங்குங்க. குளிர்காலத்துல காய்கறிக் கடையில கிடைக்கும், அழுக்கு முள்ளங்கி மாதிரி இருக்கும். தோலைச் சீவிட்டு நைசா துருவணும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுத் துருவுங்க, வெங்காயமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. துருவின உடனே கொஞ்சம் வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை ஸ்பூன் கடுகு விழுது. க்ரெம் ஃப்ரெஷ் (லேசாப் புளிச்ச க்ரீம்) போட்டுக் கலக்குங்க. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு அன்னிக்கே தீர்த்துடுங்க, மறுநாள் காரம் இறங்கிடும். பாட்டில் சப்புனு இருக்கறதும் அதனாலதான்.

மீதி வேரைத் தோட்டத்துல மட்டும் நட்டுடாதீங்க. ஒரு துண்டு மண்ணுல கிடந்தாலும் பிடிச்சுக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது.

ஹாரோ_வாசுகி

தொட்டியில வெக்கலாமா?

கெண்ட்_அடுப்படி

வெக்கலாம் அக்கா. ஆழமான தொட்டியா பாருங்க, தரையில வெக்காம செங்கல் மேல தூக்கி வைங்க.